அறுவைச் சிகிச்சைக்குப் பின் நடை



வயிற்றிலோ முழங்காலிலோ அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு சிகாமட் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவோரை நாம் எவ்வாறு பேணுகிறோம்? “அசையாமல் படுத்திரு” என்கிறோம். அன்பினால் சொல்லும் இச்சொல்லே பலருக்குக் கேடாய் முடிகின்றது.

நெடுநேரம் படுத்திருப்பவரின் காலில் குருதி தேங்கி உறையக்கூடும். அக்கட்டி நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சில் சளி கட்டும், தசை மெலியும். நோயாளியை விரைவில் எழுப்பி நடக்கவிட வேண்டுமெனச் சிக்காகோ மருத்துவர் எமில் ரீஸ் 1899-ஆம் ஆண்டிலேயே எழுதினார். செவிசாய்த்தோர் சிலரே. இரண்டாம் உலகப் போரின்போது கட்டில்களும் தாதியரும் போதாமற் போன பின்னரே அவ்வழக்கம் பரவலாயிற்று!

இன்று அந்நடையை எண்ணக் கைக்கடிகாரம் போன்ற கருவி வந்துள்ளது. நிரை நிரையாய் மரஞ்சீவும் நமக்கு எண்ணிக்கை புதிதன்று. நேற்று 300 எட்டு, இன்று 450 எட்டு எனக் காணும்போது நோயாளிக்கு ஊக்கம் பிறக்கின்றது. எண்ணிக்கை திடீரெனச் சரிந்தால் மருத்துவர் காரணம் தேடலாம். ஆயினும், நடைச்சட்டத்தைப் பிடித்து மெல்ல நடப்பவரின் கை வீசப்படாமையால், மணிக்கட்டுக் கருவி பல எட்டுகளை எண்ணாது விட்டுவிடும். அதற்காக மனந்தளர வேண்டா. கருவி இல்லாதவர், வாசலிலிருந்து குழாயடி வரை எத்தனை முறை நடந்தோமென்று சுவரில் கரிக்கோடு இடலாம். நமக்கு அதுவே போதும்.

நடக்கத் தடையாய் நிற்பது வலி. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், தீப்புண்ணைத் துடைத்துக் கட்டும் வேளையில், கண்களை மறைக்கும் காட்சிக் கருவியை நோயாளிக்கு அணிவித்துப் பார்த்தனர். அதனுள் அவர் பனி நிலத்தில் பனிப்பந்து எறிந்து விளையாடுகின்றார். கவனம் அங்கே செல்வதால் வலி குறைவாக உணரப்படுகின்றது. மெய்நிகர் காட்சி எனப்படும் இம்முறையை அறுவைக்குப் பிந்திய பயிற்சியிலும் ஆராய்ந்து வருகின்றனர். மருந்துக்கு அது துணையே, மாற்றன்று.

நம் நாட்டிலும், மலாக்காவில் 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சொக்சோ துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில், காயமுற்ற தொழிலாளர்கள் இயந்திரத் துணையுடன் நடை பயில்கின்றனர். சந்தா செலுத்துவோர் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

எவ்வளவு நடக்கலாம், எப்போது பால்வாளி தூக்கலாம் என்பதை அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, தையலில் சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.