படிப்பு கவுண்டர் வரைக்கும்தான்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. கவிதை எழுதுவேன், பகலில் வங்கியில் கிளார்க். கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

2017இல் நம்ம பையன் ஒருத்தன் வந்தான். பி.காம். முதல் வகுப்பு. டிபன் கடை போட 3 லட்சம் கடன் கேட்டான். திட்ட அறிக்கையை அவனே எழுதியிருந்தான். கணக்கில் ஒரு பிழை கிடையாது. அதிகாரி அதைப் புரட்டக்கூட இல்லை. 'சொந்த இடம் இருக்கா? ஜாமீன் யாரு?'

அதே மாதம் எட்டாங்கிளாஸ் படிச்ச இன்னொருத்தர் வந்தார். அப்பாவுக்கு மளிகைக் கடை, மாமனுக்கு அரிசி மண்டி. ஒரே வாரத்தில் பணம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. கல்லாப் பழக்கம் அவருக்கு வீட்டிலேயே கிடைத்தது. சரக்கைக் கடனாகக் கொடுக்க ஆள் இருந்தது. நொடிச்சுப்போனால் தாங்கிப் பிடிக்கச் சொந்தம் இருந்தது. இதுக்கெல்லாம் எந்தக் காலேஜ்ல சர்ட்டிபிகேட் தர்றாங்க?

குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாதென்று 2010இலேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அதை எடுத்துக் காட்டினேன். நாலு மாசம் இழுத்தடித்துக் கொடுத்தார்கள். பையன் பஜாரில் இடம் தேடினான். 'எந்தத் தெரு தம்பி?' பதில் சொன்ன பிறகு ஒரு கடையும் காலியாக இல்லை! சேரியிலேயே போட்டான். சாப்பிட வந்தவர்கள் கூலிக்காரர்கள். கூலி வந்தால்தான் கடைக்குக் காசு. ஒரே வருஷத்தில் மூடினான். இன்றைக்கு வேறொருத்தர் ஓட்டலில் கணக்கெழுதுகிறான். 'படிச்சும் பிழைக்கத் தெரியல' என்றார் அதே அதிகாரி.

கொலம்பியாவில் பொருளாதாரம் படித்து, 1917இல் லண்டனிலிருந்து திரும்பினார் அம்பேத்கர். பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் தொடங்கினார். தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். அவருக்கும் பிழைக்கத் தெரியலையா?

படிக்க வேண்டாமென்று சொல்ல வரலை. படிப்பு நம்மைக் கவுண்டர் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது. அதுக்கப்புறம் வேண்டியது இடம், ஜாமீன், சரக்கு, வாடிக்கை. இந்த நாலும் இங்கே சாதி வழியாகத்தான் கைமாறுகிறது.

ஆகவே தோழர்களே, மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கொடுப்பது வங்கியின் கடமை. சம்பளம் வாங்குகிற நாம் நம்ம பிள்ளைக்கு ஜாமீன் போடுவோம். அவன் கடையில் ரொக்கம் கொடுத்துச் சாப்பிடுவோம். பஜாரில் அவனுக்குக் கடை தர மறுத்தால் அந்த வாசலில் போய் நிற்போம். தனியாளாக அவனை அனுப்பிவிட்டு, தோற்றதும் அவன் படிப்பைக் குறை சொல்லாதீர்கள்.