வருவோரை வரவேற்போம்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



1839-இல் ஜி.யு. போப் இங்கிலாந்திலிருந்து தமிழகம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது பத்தொன்பதுதான். சாயர்புரத்தில் மிஷன் பள்ளியை நடத்தினார். கற்பிக்கப் புறப்பட்டவர் முதலில் தாமே தமிழ் கற்றார். 1886-இல் திருக்குறளையும், 1900-இல், தமது எண்பதாம் வயதில், திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார்.

இதை ஏன் சொல்கிறேன்? சென்ற ஆண்டு நம் தோட்டப் பள்ளிக்கு வெளிநாட்டுத் தொண்டர்கள் சிலர் ஆங்கிலம் கற்பிக்க வந்தார்கள். மாலை போட்டோம், நாசி லெமாக் கொடுத்தோம், படம் பிடித்துக்கொண்டோம். இரண்டு வாரத்தில் போய்விட்டார்கள். மறுநாள் மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், அந்த அக்கா கடைசி வரைக்கும் என் பேரைச் சொல்லவே இல்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. குற்றம் வந்தவர்கள் மேல் இல்லீங்க. பெயரைச் சொல்லிக்கொடுக்க நாம்தான் மறந்தோம். மேடை கட்டியதில் நேரம் போய்விட்டது.

ஆகவே பெற்றோர்களே, இனி வருவோருக்கு முதல் பாடத்தை நம் பிள்ளைகளே நடத்தட்டும். தங்கள் பெயர், வீட்டுக்கு வழி, நாளுக்கொரு தமிழ்ச் சொல், இவை போதும். ஒருவேளை உங்கள் வீட்டிலும் சோறு போடுங்கள். அவர்கள் தொடங்கிய ஆங்கிலப் பாடத்தை நோட்டில் எழுதிவைத்து ஆசிரியர்களாகிய நாங்கள் தொடர்வோம்.

வருகிறவர் போய்விடுவார், பிள்ளைகளோடு இருப்பவர்கள் நாம்தானே!