கரண்ட் போனாலும் எரியுமான்னு கேளுங்க

 வீட்டுல சோலார் போட்ட அனுபவத்தைப் பேசச் சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் நம்ம வேதாரண்யம் பக்கம் கரை கடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். கம்பமெல்லாம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்க மாமியாருக்கு இழுப்பு உண்டு. டாக்டர் சொல்லி நெபுலைசர் மிஷின் வாங்கி வைத்திருந்தோம். கரண்ட் இல்லாமல் அது வெறும் டப்பா. ஜெனரேட்டர் ஓடுகிற டீக்கடைக்கு அவங்களை வண்டியில் கூட்டிப் போய், செல்போன் சார்ஜ் போட நின்ற கூட்டத்தில் நானும் மிஷினோடு நின்றேன்.

சில வருஷம் கழித்து, எங்க ஓரகத்தி வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டாங்க. 78,000 ரூபாய் மானியம் வந்தது. பில்லும் நல்லாக் குறைந்தது. "இனிமே கரண்ட் போனா அத்தையை இங்க கூட்டிட்டு வந்துடுங்கக்கா" என்றாள். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு மதியம், ஊர் முழுக்கக் கரண்ட் இல்லை. அத்தைக்கு இழுப்பு வந்துவிட்டது. அங்கே ஓடினோம். மாடியில் பலகை மேல வெயில் பளபளன்னு அடிக்குது, உள்ளே ஃபேன் சுத்தலை. ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

பழுது என்றுதான் நினைத்தோம். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து விளக்கினார். அது கம்பத்துக் கரண்டோடு சேர்ந்து ஓடுகிற ஆன் கிரிட் வகை. கம்பியில் கரண்ட் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் நம்ம வீட்டுக் கரண்ட் கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவரை அடித்துவிடும். ஆகப் பொருளில் குறை இல்லை. அது பில்லைக் குறைக்கிற பொருள். கரண்ட் போன நேரத்துக்குப் பேட்டரி வைத்ததுதான் வேணும். விற்றவங்க இதைச் சொல்லலை, நாங்களும் கேட்கலை.

அதன்பிறகு நான் குழுவில் 30,000 ரூபாய் கடன் வாங்கி, கையிலிருந்து 8,000 போட்டு, 165 வாட் பலகை இரண்டும் 150 ஆம்பியர் பேட்டரியும் சோலார் இன்வெர்ட்டரும் வைத்தேன். 9 வாட் பல்பு மூன்று, 75 வாட் ஃபேன் ஒன்று, அத்தையோட மிஷின், அவ்வளவுதான் அதில் ஓடும். பல்பும் ஃபேனும் 4 மணி நேரம் ஓடினால் 400 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேல செலவு. பேட்டரியில் முழுசா இருப்பது 1,800. பாதிக்கு மேல இறக்காமல் வைத்தால்தான் பேட்டரி நாள்பட உழைக்கும். மிக்சி, அயர்ன் பாக்ஸ் அதில் போடக் கூடாது. பேட்டரித் தண்ணியை மாசம் ஒரு தடவை பார்க்கணும், பலகையைத் துடைக்கணும்.

அசல் மாதம் 1,250, அதோடு வட்டி. இன்னும் ஏழு தவணை பாக்கி. போன மழையில் ராத்திரி கரண்ட் போனப்ப, அத்தை எழுந்து அவங்களே மிஷினைப் போட்டுக்கிட்டாங்க. என்னை எழுப்பக்கூட இல்லை.

நம்ம குழுவில் சோலாருக்கு யாராவது கடன் கேட்டால், தீர்மானம் எழுதுவதற்கு முன்னாடி, "கரண்ட் போனாலும் எரியுமா? எத்தனை பல்பு, எத்தனை மணி நேரம்?" என்று விற்கிறவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி வரச் சொல்லுங்க. கடனைக் கட்டப் போறது நாமதானே.