பெசோ விழுந்தால் ஆலை எழும்

தோழர்களே, ஆற்றுக்கு அந்தக் கரையில் அமெரிக்காவின் எல் பாசோ. இந்தக் கரையில் மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரெஸ். ஊரும் சேரியும்னு வச்சுக்குங்க.

1965இல் மெக்சிகோ அரசு எல்லையோரத்தில் 'மக்கிலாதோரா' ஆலைகளுக்குக் கதவு திறந்தது. உதிரிப்பாகம் வரியில்லாமல் வரும். பூட்டி முடித்த டி.வி.யும் தைத்து முடித்த உடுப்பும் திரும்பிப் போகும். அங்கே தங்குவது கூலி மட்டும்தான்.

1994 டிசம்பரில் பெசோவின் மதிப்பு சரிந்தது. வங்கியில் செலாவணி விகிதத்தை வெறும் எண்ணாகப் பார்த்துப் பழகினவன் நான். அங்கே அந்த எண் சோற்றில் கைவைத்தது. கூலிக்காரியின் பையில் சாமான் குறைந்தது. டாலர் கணக்கில் அவள் உழைப்பு மலிவானது. உடனே ஆலைகள் பெருகின. இதைத்தான் வளர்ச்சிங்கிறாங்க! 2000இல் சுமார் 13 லட்சம் பேருக்கு வேலை. 2001இல் அமெரிக்கச் சந்தை படுத்தது. சில முதலாளிகள் சீனாவுக்கு நகர்ந்தார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேல் வேலை போச்சு.

ஆலை வந்தா சேரிக்கு விடிவுன்னு நாமும் பேசுறோம். பண்ணையார் களத்தைவிட ஆலை மேல்தான், மறுக்கலே. கிராமத்தைவிட்டு அவளும் அப்படித்தான் வந்தாள். ஆலையில் அவளிடம் முதலில் கேட்டது சிறுநீர். கர்ப்பம்னா வேலை கிடையாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 1996இல் இதை அறிக்கையாகவே வெளியிட்டது.