சிறை மீண்டபின் தொடங்கிய பெரும்பணி



விடுதலைக்காகச் சிறை சென்றோரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். விடுதலை கிடைத்தபின் அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பதோ அரிது. அவ்வகையில் சர்வோதயத் தலைவர் சங்கரலிங்கம் ஜெகந்நாதன் அவர்களின் பிற்கால வாழ்வை எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

1914-இல் பிறந்த அவர், 1942-ஆம் ஆண்டின் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் சிறைவாசம் ஏற்றவர். நாடு விடுதலை பெற்ற பின்னரே, 1950-இல், கிருஷ்ணம்மாள் அவர்களை மணந்தார். பதவியை நாடாமல், வினோபா பாவேயின் பூதான இயக்கத்தில் இணைந்து, நிலமற்றோருக்காக ஊர் ஊராக நடந்தார்.

1968 டிசம்பர் 25-இல், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்டனர். அதன்பின் அத்தம்பதியர் கீழ்த்தஞ்சையையே தம் பணிக்களமாக்கினர். 1981-இல் 'லாஃப்டி' எனப்படும் உழுபவனின் நிலவுரிமை இயக்கத்தை நிறுவினர். உடையவரிடம் பேசி, நியாய விலைக்கு நிலம் வாங்கி, குடும்பத்திற்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தனர். இவ்வாறு கைமாறிய நிலம் ஏறத்தாழ 13,000 ஏக்கர் என்பர்.

ஆயினும் சோதனை ஓயவில்லை. 1990-களில் கடலோரத்தில் இறால் பண்ணைகள் பெருகின. உப்புநீர் கசிந்து வயலும் குடிநீரும் கெட்டன. நடவும் அறுவடையும் அற்றுப்போய்க் கூலிக்காரர் வேலை இழந்தனர். எண்பதை எட்டிய வயதில் அவர் அறவழியில் போராடி, உச்ச நீதிமன்றத்தையும் நாடினார். 1996 டிசம்பர் 11-இல், கடலோர ஒழுங்குமுறை மண்டலத்திலுள்ள இறால் பண்ணைகளை அகற்ற நீதிமன்றம் ஆணையிட்டது. எனினும், 2005-இல் வந்த சட்டம் பதிவு முறையின்கீழ் பண்ணைகளுக்கு இடமளித்தது. தீர்ப்பு கிடைத்தாலும் விழிப்பு ஓயலாகாது என்பதற்கு இதுவே சான்று.

2008-இல் சரியான வாழ்வுரிமை விருது அத்தம்பதியருக்கு வழங்கப்பட்டது. 2013 பிப்ரவரியில், 98-ஆம் வயதில், அவர் மறைந்தார்.

சகோதரர்களே! ஒரு வேளை உணவளிப்பது நற்செயலே. அதை நாம் விடலாகாது. ஆனால், மறுநாள் பிறர் கையை எதிர்பாராதபடி ஒரு குடும்பத்தை நிலைநிறுத்துவது அதனினும் மேலானது. நம் மஹல்லாவின் ஏழைக் குடும்பங்களில், சென்ற ஆண்டு உதவி பெற்று இவ்வாண்டு உதவி தேவைப்படாத நிலையை எய்தியோர் எத்தனை பேர்? ஆண்டறிக்கையின் வரவு செலவுக் கணக்கோடு இக்கணக்கையும் நாம் பார்ப்போமாக!