எடை இறங்கலையா? நடையை விட்டுடாதீங்க!



"ஒரு மாசமா நடக்குறேன், எடை இறங்கவே இல்ல"ன்னு பலர் நடையை விட்டுடுறாங்க. பி.சி.ஓ.எஸ். எனும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்கள் அப்படி விடக்கூடாது. ஏன்?

இவர்களில் பலருக்கு இன்சுலின் சுரந்தாலும் உடலில் சரியாக வேலை செய்வதில்லை. அதை ஈடுகட்டக் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், சினைப்பையில் ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, முகத்தில் முடி வளர்கிறது. பின்னாளில் சர்க்கரை நோய்க்கும் வாய்ப்பு அதிகம்.

நடக்கும்போது தசைகள் இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். எடை குறையாவிட்டாலும் இந்தப் பலன் உண்டு.

2023-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல், வாரம் 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது. தினம் 30 நிமிடம், 5 நாள் வேகமா நடந்தா போதும். ரயில்வே கேட்டுல நின்ன நேரம் கணக்குல வராது! வாரம் 2 நாள், இடைவெளி விட்டு, தசைக்கும் பயிற்சி கொடுங்க. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாலே நல்ல பயிற்சிதான். எடையும் குறையணும்னா வாரம் 250 நிமிடம் தேவை.

மாதவிலக்குத் தேதியைக் கைப்பேசியில் குறிச்சு வைங்க. தொடர்ந்து தள்ளிப்போனா, அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் காட்டுங்க. சந்தேகம் இருந்தா 104-ஐ அழையுங்க.