அட்டைக்கடியும் எழுத்துப் பிழையும்

பெருந்துன்பம் வந்துற்றபோது மனிதனுக்கு ஆறுதல் கூற நாலு பேர் வந்து சேர்வர். வீட்டிலே மரணம் நிகழ்ந்தால் ஊர் கூடுகிறது. வெள்ளம் புகுந்தால் அயலார் அரிசியும் ஆடையும் கொண்டு ஓடி வருகின்றனர். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் தேதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, நாடு முழுவதும் ஊவாவை நோக்கித் திரும்பிற்று. ஆனால், குடையின் கம்பி ஒடிந்ததற்கும், அடுப்பு விறகு நனைந்ததற்கும், ஒரு நிமிடத் தாமதத்தினால் பஸ் தவறியதற்கும் துக்கம் விசாரிக்க வருவோர் எவருமிலர். இத்தகைய சிறு தொல்லைகளை அவரவர் தனியாகவே சுமக்க வேண்டியிருக்கிறது. அவற்றை வெளியே சொன்னால், "இதற்கா இத்தனை சலிப்பு?" என்ற கேள்விதான் மறுமொழியாகக் கிடைக்கும்.

எனினும், ஒரு மனிதனுடைய ஆயுளைக் கூட்டிப் பார்த்தால், அதிலே பெருந்துன்பங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. சிறு தொல்லைகளுக்கோ கணக்கில்லை. ஆகையால், அவற்றைப் பற்றிச் சிறிது நேரம் சிந்திப்பது வீண்போகாது. அப்படிச் சிந்திப்பதற்கு ஏற்ற இடங்களுள் ஒன்று பதுளையைச் சூழ்ந்த தோட்டப்புறம்.

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலைக்கோ மடுல்சீமைக்கோ ஏறிச் செல்வோர், பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற மலைகளைக் கண்டு மெய்ம்மறப்பர். அக்கம்பளத்தின் நடுவே வேலை செய்பவர்களின் காலைப்பொழுது வேறுவிதமானது. வடகீழ்ப் பருவ மழை தொடங்கிவிட்டால் விறகு எரியாது. புகை மட்டும் காம்பராவை நிறைக்கும். பொதுக் குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும். பிள்ளைக்குப் பாற்சோறு ஊட்டி, பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு ஓடும் தாய்க்கு, ஒரு பிள்ளை காய்ச்சலென்று அழுதால் அன்றைய நாளே சரிந்துவிடும். பிந்தி வந்தவர் திருப்பி அனுப்பப்படுதலும் உண்டு.

மலைக்கு ஏறினால் அட்டை வரவேற்கும். இந்தச் சிறு பிராணிக்கு இருக்கும் பொறுமை முனிவர்க்கும் அரிது. புல் நுனியிலே நிமிர்ந்து நின்று, வருவோரின் சூட்டை உணர்ந்து, ஓசையின்றி ஏறிக்கொள்ளும். கடிக்கும்போது வலிப்பதில்லை, குருதி உறையாதிருக்கும் பொருளை அது காயத்திற் செலுத்திவிடுவதனால், விழுந்த பின்னரும் இரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சவர்க்காரமும் சுண்ணாம்பும் உப்பும் புகையிலைச் சாறும் இதற்கு எதிராக எடுக்கப்படும் ஆயுதங்கள். மழை பெய்தவுடன் ஆயுதங்கள் கழுவப்பட்டுப் போம். அட்டை மாத்திரம் எஞ்சி நிற்கும்.

மாலையில் தராசு வரும். கூடைக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு என்று கழிந்தபின் நிற்பதே கொழுந்தின் நிறை. குறித்த அளவுக்கு ஒரு கிலோ குறைந்தாலும் முழுப்பேர் அரைப்பேராகும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்து வந்திருக்கிறது. நகரத்திலே கடைக்காரன் சில்லறையிற் சில சதம் குறைத்துக் கொடுத்தால் அது ஒரு சிறு எரிச்சல். தோட்டத்திலே ஒரு கிலோ குறைந்தால் பாதி நாள் கூலி போயிற்று. இரண்டையும் 'சிறு தொல்லை' என்ற ஒரே பெயரால் அழைப்பது பொருந்துமா என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம். ஒரு துன்பத்தின் பருமன் அந்தத் துன்பத்தில் மட்டும் இருப்பதில்லை. அதைத் தாங்குபவனுடைய கையிருப்பையும் பொறுத்தது.

இத்தனைக்கும் நடுவே தோட்டத்து மக்கள் நகைச்சுவையை இழந்தாரல்லர். அட்டை கடித்தவரை, "சொந்தக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்" என்று கேலி செய்யும் பெண்களின் சிரிப்பு மலை முழுவதும் கேட்கும். வள்ளுவப் பெருந்தகை 'இடுக்கணழியாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்து, துன்பத்தைச் சிரிப்பினால் வெல்லும் வழியைக் காட்டினார். அவ்வதிகாரத்தைப் படித்தறியாதவர்களும் அதன்படி ஒழுகுவதைக் கொழுந்து மலைகளிற் காணலாம்.

சில சமயம் சிறு தொல்லை நன்மையாகவும் முடிவதுண்டு. பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டில். அப்பாதையிலே தெமோதர நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி, குன்றைச் சுற்றி இறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்கிறது; எதையோ மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வந்ததுபோல! ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க வழி தெரியாது திகைத்திருந்த பொறியியலாளர், ஒரு கங்காணி அவிழ்ந்துபோன தன் தலைப்பாகையைச் சுற்றிக் கட்டியதைக் கண்டே இந்த வளைவைக் கற்பனை செய்தார் என்று ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, தலைப்பாகை அவிழ்ந்ததென்று சலித்துக்கொண்ட கங்காணிக்கு அதனால் ஒரு புகழ் வந்தது.

ஆயினும், எல்லாச் சிறு தொல்லைகளையும் சிரித்துத் தள்ளிவிடலாமா? கூடாது என்பதற்கு ஊவாவின் சரித்திரமே சான்று. 1869 ஆம் ஆண்டிலே மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான சிறு பொட்டுக்கள் காணப்பட்டன. விரலால் தடவினால் துருவைப்போலக் கையில் ஒட்டும். பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து மாதிரிகள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று அந்தப் பூஞ்சணத்துக்குப் பெயரும் சூட்டப்பட்டது. கோப்பியின் விலை உயர்ந்திருந்த காலம் அது. தோட்டத் துரைமார் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. 'நாசகாரி எமிலி' என்று வேடிக்கைப் பெயர் வைத்துச் சிரித்தனர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் கோப்பிப் பயிர் அழிந்தது. துரைமார் பலர் கடனாளிகளாயினர். கூலியின்றித் திரும்பிய தொழிலாளர் எத்தனையோ பேர். அழிந்த கோப்பியின் இடத்திலேதான் தேயிலை பெருவாரியாக நடப்பட்டது. இலையிற் கண்ட ஒரு பொட்டு ஒரு நாட்டின் தொழிலையே மாற்றிவிட்டது.

ஆகவே, சிறு தொல்லைகளை இருவகையாகப் பிரித்துக்கொள்ளுதல் நலம். மழை, பனி, அட்டை ஆகியவை ஒருவகை; அவற்றைப் பொறுமையாலும் சிரிப்பாலும் வெல்லலாம். மனிதரின் கவனக் குறைவினால் உண்டாகி, மனிதரால் திருத்தக்கூடியவை மற்றொரு வகை. இவற்றைப் பொறுத்துக்கொள்வது பெருந்தன்மையன்று. பின்னால் வரப்போகும் பெருந்துன்பத்துக்கு வித்திடுதலாகும். இவ்வகையுள் தலையாயது பெயரிலே நேரும் எழுத்துப் பிழை.

ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். பிறந்தபோது பாட்டி இட்ட பெயர் முத்துலெட்சுமி. தோட்டத்திலே பிறப்பை அறிவித்தவர் சுருக்கமாக 'முத்தம்மா' என்று சொல்லிவிட்டார். பாடசாலை இடாப்பிலே 'முத்துலட்சுமி' ஆயிற்று. தோட்டக் கந்தோரில் பேர் பதிந்தபோது, அதே பெயருடைய மற்றொருத்தி முன்னரே இருந்தமையால், தகப்பன் பெயரும் சேர்ந்து நீண்டது. அடையாள அட்டைக்குப் படிவம் நிரப்பியவர் சிங்களத்தில் எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்து, மீண்டும் தமிழுக்குக் கொண்டுவந்தபோது அப்பெயர் வேறோர் உருவம் பூண்டது. தமிழின் ழகரத்துக்குச் சிங்களத்தில் நேரான எழுத்தில்லை. தமிழிலோ ககரத்துக்கும் அதன் மெல்லோசைக்கும் எழுத்து ஒன்றே. மூன்று மொழிகளின் சந்தியிலே நிற்கும் பெயர்கள் வழிதவறுவது எளிது. இத்தனைக்கும் அப்பெண் கோபிக்கவில்லை. "எந்தப் பெயரால் கூப்பிட்டால் என்ன, வேலை ஒன்றுதானே" என்று சிரித்துக்கொண்டே முப்பது ஆண்டுகள் கொழுந்தெடுத்தாள்.

அவள் ஓய்வு பெறும் நாள் வருகிறது. 1958 ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏற்பட்ட ஊழியர் சேமலாப நிதியிலே, அவள் பெயரில், அவளது வியர்வையின் பயன் சேர்ந்திருக்கிறது. ஆனால், எந்த 'அவள்'? பத்திரத்திலுள்ளவள் ஒருத்தி, அட்டையிலுள்ளவள் இன்னொருத்தி, தோட்டக் கணக்கிலுள்ளவள் மூன்றாமவள். மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும். அதற்கு ஒரு நாள். கந்தோருக்குச் சென்றால் கையொப்பமிடும் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். அதற்கு ஒரு நாள். அடுத்த முறை சென்றால் இன்னொரு கடதாசி வேண்டுமென்கிறார்கள். அதற்கும் ஒரு நாள். ஒவ்வொரு நாளுக்கும் பஸ் கட்டணம் உண்டு, மலையடிவாரத்துக்கு நடையுண்டு. ஓரெழுத்தை அன்று சரியாக எழுத ஒரு நொடி போதுமாயிருந்திருக்கும். அதைத் திருத்த இன்று மாதங்கள் கழிகின்றன.

மலையகத் தமிழரின் சரித்திரத்தில் கடதாசி எத்துணைப் பெரும் பொருள் என்பதை நேயர்கள் அறிவார்கள். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1949 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், இத்தனை ஆண்டுகள் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தோம் என்று எழுத்திலே நிரூபிக்க வேண்டியிருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. உரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. பின்னர் 1964 ஆம் ஆண்டில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 ஆம் ஆண்டிற் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. நாடற்றோராய் எஞ்சியவர்களின் இன்னல் தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்தச் சட்டங்களுக்கு எழுத்துப் பிழை காரணமன்று. அவை அரசியலார் தெரிந்தே செய்தவை. ஆனால், அந்தக் காலத்திலே ஒரு குடும்பத்தின் விதி அதன் தகரப்பெட்டிக்குள் இருந்தது. கூரைத் தகரத்து ஓட்டையின் வழியே சொட்டிய நீரும், பெட்டியின் மூலையில் ஏறிய கறையானும் மற்ற வீடுகளிலே வெறும் எரிச்சல்கள். லயத்துக் காம்பராவிலோ, பழைய பற்றுச்சீட்டு ஒன்று கரைந்துபோனால் அது சான்றொன்று கரைந்துபோனதாகும்.

இன்று குடியுரிமை உண்டு; வாக்குரிமையும் உண்டு. ஊவாவின் சில பிரதேசச் செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகத்துக்கென்று பிரகடனமும் செய்யப்பட்டுள்ளன. எனினும், நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே தோட்டத்தின் பெயரை விலாசமாகக் கொண்டிருக்கும் இடங்களில், கடிதம் கந்தோர் மேசையிலே சில நாள் இளைப்பாறிவிட்டுத்தான் லயத்துக்கு வருகிறது. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம், பரீட்சை முடிந்த மறுநாள் கைக்கு எட்டியதுண்டு. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் வேளையிலேதான், தன் பெயர் பத்திரத்தில் வேறாக இருப்பதை ஒரு மாணவன் முதன்முறையாக அறிகிறான். அவனுக்கு அது அட்டைக்கடியைப் போன்றது, கடித்தபோது தெரியவில்லை, இரத்தம் கசியும்போதுதான் தெரிகிறது.

இதற்குப் பரிகாரம் யாது? பெருந்திட்டமோ பெருஞ்செலவோ வேண்டியதில்லை. குழந்தையின் பெயரைப் பதியச் செல்லும் தந்தை, அப்பெயரை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு செல்லட்டும். பதிகின்ற உத்தியோகத்தர், எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டட்டும். முதலாம் வகுப்பிற் பிள்ளையைச் சேர்க்கும் ஆசிரியர், தாய் சொல்லுவதை மட்டும் கேளாது, பத்திரத்தைப் பார்த்து எழுதட்டும். பிழை கண்டால் பத்து ஆண்டு கழியுமுன், அன்றே பெற்றோருக்கு எடுத்துரைக்கட்டும். கந்தோருக்கு வந்த கடிதத்தை அன்றைக்கே கொழுந்து மடுவத்துக்கு எவரேனும் கொண்டுசெல்லட்டும். வீட்டிலுள்ள பத்திரங்களை நனையாத உறையிலிட்டு உயரத்தில் வைப்பதும், பிரதியொன்றை வேறிடத்தில் வைப்பதும் அரைமணி நேர வேலை.

அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சிரிப்போம், அது தகும். ஆனால், பக்கத்திலிருப்பவருடைய பெயரில் ஓர் எழுத்துப் பிசகியிருப்பதைக் கண்டால், சிரித்துவிட்டு அப்பாற் செல்லுதல் தகாது. முப்பது ஆண்டுகள் மழையில் நின்று கொழுந்தெடுத்த முத்துலெட்சுமி, தன் பெயரை ஒரு கடதாசியிலாவது பிழையின்றிக் கண்டு ஓய்வு பெற வேண்டாமா?